தபால் விமானத்தில் ஓர் இடம்

படையில் அவனுக்கு முடிச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் சரக்கை ஏற்றி, வலை போட்டு, பட்டையை இழுத்துக் கட்டுவது அவன் வேலை. அவன் கட்டிய சரக்கு நடுவானில் அசைந்தது என்று யாரும் சொன்னதில்லை. ஆளும் அப்படித்தான், ஒருமுறை இறுகினால் லேசில் அவிழமாட்டான். இத்தனை வருஷம் சரக்கைக் கட்டி அனுப்பியவன் இப்போது தானே ஒரு சரக்காகக் கிளம்பியிருந்தான்.

சிப்பாய்கள் ஓசியில் ஊருக்குப் போகிற வழி அது. படையின் சரக்கு விமானத்தில் ஏற்ற வேண்டியதெல்லாம் ஏற்றிய பிறகு இடமும் எடையும் மிச்சம் இருந்தால், கையில் விடுப்புச் சீட்டோடு நிற்கிறவனையும் ஏற்றிக்கொள்வார்கள். மிச்சம் இல்லாவிட்டால் அடுத்த விமானம். அடுத்தது எப்போது என்று யாரையும் கேட்கக் கூடாது, கேட்டாலும் யாருக்கும் தெரியாது. ஒரு பெட்டி ஆணியா, ஒரு ஆளா என்று வந்தால் ஆணி ஏறும், ஆள் நிற்பான். அப்படி எத்தனையோ பேரை இறக்கிவிட்டு ஆணிப் பெட்டியைக் கட்டியவன்தான் அவன். அதனால் யார் மேலும் அவனுக்கு வருத்தம் இல்லை.

அவன் இருந்த முகாமுக்கு ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. வானம் ஒன்றுதான் வழி. அங்கேதான் அக்காவின் போன் வந்தது. பாதி சவரத்தில், கன்னத்தில் நுரையோடு போய் வாங்கினான்.

"அப்பா விழுந்துட்டாருடா. கொதிகலன் பக்கத்துல. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம். மெஷின்தான் மூச்சு விடுது."

"பேசுறாரா?"

"மெஷின் மூச்சு விடுதுங்கிறேன், பேசுறாரான்னு கேக்குற."

நுரை கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது.

"இனிமே எந்திரிக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் அக்கா. "எடுத்துடலாமான்னு கேக்குறாரு. பிள்ளைங்க ரெண்டு பேரும் சேந்து சொல்லணுமாம்."

"நான் வர்ற வரைக்கும் எடுக்காதே."

"எப்ப வருவ?"

"கிளம்பிட்டேன்."

கிளம்பவில்லை. திரும்பிப் போய் மறு கன்னத்தையும் சிரைத்தான். அதன் பிறகுதான் அதிகாரியிடம் போனான்.

அவர்கள் வீட்டுத் தொழில் துணி வெளுப்பது. ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில், கீழே கடை, மேலே வீடு. ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். நீலக் கரை போட்ட நீளமான விரிப்புகள். அவற்றை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, பின்னால் போய் இழுத்து, முன்னால் வந்து சேர்த்து, மறுபடி பின்னால் போய் இழுக்க வேண்டும். தலை மேசைக்கு மேல் எட்டிய நாள் முதல் அவன் அப்பாவுக்கு எதிர்முனை. அந்த வேலையில் பேச்சே தேவையில்லை. "இழு" என்று ஒரு சொல் போதும். அவர்களுக்குள் இருந்த பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான்.

அவன் படையில் சேர்ந்த பிறகு அப்பா சுவரில் ஓர் இரும்புக் கொக்கியை அடித்தார். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டு மறு முனையை அவரே பிடித்து இழுத்துக்கொள்வார். விடுப்பில் வந்தபோது அவன் அதைப் பார்த்து, "என்ன இது?" என்றான்.

"உன் வேலையை அதுக்குக் குடுத்துட்டேன்," என்றார் அப்பா. "சொன்ன இடத்துல நிக்குது. எங்கயும் ஓடல."

அக்கா அதற்குச் 'சிப்பாய்' என்று பெயர் வைத்திருந்தாள். "சிப்பாய்கிட்டக் குடுத்துட்டு நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்பாள் அப்பாவிடம். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த விடுப்பு முடிய நாள் இருக்கும்போதே முகாமுக்குத் திரும்பிவிட்டான்.

முதல் பயணம் காலி ஆக்சிஜன் உருளைகளோடு. காலையில் அவனே கட்டியவை. விமானத்தின் ஓரமாகத் தொங்கிய நாடா இருக்கையில் உட்கார்ந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வழி முழுக்க அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். தரையிலிருந்து குளிர் காலணி வழியாக ஏறியது. அசையவில்லை, ஓர் உருளைகூட அசையவில்லை. அப்பாவை நினைக்க வேண்டும் என்று நினைத்தான். நினைப்பு வரவில்லை. பட்டையைப் பூட்டுகிற கொளுவி ஒன்று துருப்பிடித்திருந்தது, திரும்பிப் போனதும் மாற்ற வேண்டும் என்பதுதான் வந்தது.

இறங்கியது ஒரு நடுத்தரமான தளம். தகரக் கூரை போட்ட கூடம், கால் உடைந்த நாற்காலிகள், சரக்கு நிறுக்கிற தராசு. ஆளும் பையுமாக அதில் ஏறி நிற்க வேண்டும். பதிவு மேசைக்காரர் முள்ளைப் பார்த்தார்.

"என்னப்பா, சாப்பிடுறதே இல்லையா?"

"சாப்பிடுறேன் சார்."

"நல்லது. இப்படியே இரு. குண்டா இருக்கிறவனைத்தான் முதல்ல இறக்கிவிடுவோம்."

"அதை என்னைப் பாத்துக்கிட்டே சொல்லணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல பருமனான ஆள். சமையல் பிரிவு. எல்லாரும் அவரைக் கரண்டி என்றார்கள். படையில் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கைக்காசு போட்டு ஊருக்குப் போனதில்லை என்பது அவர் பெருமை. முடிச்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்காலி ஒரு முறை முனகியது.

"முதல் தடவையா?"

"ஆமாண்ணே. ஏத்திவிட்டிருக்கேன். ஏறுனதில்ல."

"அப்ப கேட்டுக்க. கூப்பிடுறப்ப ஆள் எதிர்ல நிக்கணும். கக்கூஸ்ல இருந்தேன்னா உன் இடத்துல உருளைக்கிழங்கு போயிடும். அடுத்து, தூங்கினா பையைத் தலைக்கு வைக்காதே, காலுக்குள்ள மாட்டிக்கிட்டுத் தூங்கு."

"சரிண்ணே."

"முக்கியமானது இதுதான். சின்ன விமானம் வந்தா ஆசைப்படாதே. கடுகு மாதிரி இருக்கும். மேகத்தைப் பாத்தா திரும்பிடும், இல்ல நடுவுல ஏதாவது பொட்டல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிடும். அங்க உக்காந்து ஆட்டை எண்ண வேண்டியதுதான். பெரிய தளத்துக்கு எது போகுதோ அதுல ஏறு. உன் ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போனாலும் ஏறு. பெரிய தளத்துலேர்ந்து உலகத்துல எல்லா ஊருக்கும் விமானம் உண்டு. சுத்திப் போறவன்தான் சீக்கிரம் போவான். என்ன, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"ஊர்ல என்ன விசேஷம்?"

"அப்பா ஆஸ்பத்திரியில. மெஷின்ல இருக்காரு."

 கரண்டி மடியிலிருந்த உப்பு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் நீட்டினார். இரண்டு பேரும் தின்றார்கள்.

"நீங்க எதுக்குண்ணே போறீங்க?"

"பொண்டாட்டிக்கு என் முகமே மறந்துபோச்சாம். எழுதியிருந்தா. ஞாபகப்படுத்திட்டு வரலாம்னு. பாத்த பிறகு, மறந்ததே நல்லா இருந்துச்சும்பா."

மத்தியானம் கழிந்து பதிவு மேசைக்காரர் கையைத் தட்டி அவனைக் கூப்பிட்டார்.

"உனக்கு நேரம் நல்லா இருக்கு. தபால் விமானம் போகுது, உன் ஊர்ப் பக்கத்து ஓடுதளத்துக்கு. ஓர் இடம் இருக்கு. ஓடு."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. விமானம் கரண்டி சொன்ன மாதிரி கடுகுதான். உள்ளே தபால் மூட்டைகள் கூரை வரைக்கும். நடுவே ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்காரலாம். விமானி கதவோரம் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

"எங்க இறங்கணும்?"

"கடைசி வரைக்கும் சார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, துணி வெளுக்கிற கடை. எங்க அப்பாதான்."

"அப்படியா. எங்க தபால் வண்டிக்காரனுக்கு அந்தப் பக்கம்தான் வீடு." ஆப்பிளைத் தூர எறிந்தார். "மலைக்கு மேல மேகம் நிக்குது. தாண்டினா தாண்டுவோம். இல்லாட்டி நடுவுல ஒரு திடல் இருக்கு, இறக்கிவிட்டுருவேன். உன் இஷ்டம்."

அவன் ஒரு காலைப் படியில் வைத்தான். அந்தக் கால் அங்கேயே இருந்தது. விமானி கையைத் துடைத்தார். உள்ளே ஏறிப் பட்டையை மாட்டினார். அப்போதும் அந்தக் கால் படியிலேயே இருந்தது.

"என்னப்பா?"

"இல்ல சார்," என்றான். "பெரிய தளத்துக்குப் போயிக்கிறேன். அங்கேர்ந்து நிறைய விமானம் இருக்காம்."

"உன் இஷ்டம்னு முதல்லயே சொன்னேனே," என்று விமானி கதவைச் சாத்தினார்.

விமானம் ஓடி, எழும்பி, மலைப் பக்கம் போனது. அவன் வேலி ஓரம் நின்று பார்த்தான். மேகம் இருந்தது உண்மை. அதற்குக் கீழே வெளிச்சமாக ஓர் இடைவெளியும் இருந்தது. புள்ளி அதற்குள் போய் மறைந்தது, திரும்பி வரவில்லை. நெடுநேரம் பார்த்தான். படியிலிருந்து காலை எடுத்ததற்கான காரணத்தைக் கரண்டி சொன்ன விதிக்குள் வைத்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினான். கட்டத் தெரிந்தவன், ஆகவே நன்றாகத்தான் கட்டினான். அது அசையவில்லை.

பொழுது சாயும்போது பெரிய விமானம் வந்தது. ஊருக்கு நேர் எதிர்த்திசை. கரண்டியும் அவனும் ஏறினார்கள். ஜன்னல் இல்லாததால் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே தெரியவில்லை, அது வசதியாகத்தான் இருந்தது.

பெரிய தளம் பெரியதுதான். விமானங்கள் வரிசையாக நின்றன. மறுநாள் காலையில் புழுதிக் காற்று தொடங்கியது. வானம் செங்கல் நிறமாகி, அடுத்த கட்டிடமே கண்ணுக்குத் தெரியாமல் போனது. வரிசையாக நின்ற விமானங்களின் மூக்குக்கும் இயந்திரத்துக்கும் துணி கட்டிவிட்டார்கள். அந்தத் துணியைக் கட்டுவதற்குக்கூட அவன் வலியப் போய் நின்றான். கட்டி முடித்ததும் வேலை இல்லை. கூடம் முழுக்கச் சிப்பாய்கள் தரையில் கிடந்தார்கள். பல்லுக்குள் மண் நறநறத்தது. உணவுக் கூடத்தில் மூன்று வேளையும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும். கரண்டி ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உருளைக்கிழங்கைக்கூடக் கெடுக்க முடியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இதை ஆக்கினவனை அவன் அம்மா மன்னிப்பாளா?"

போன் ஒன்றுதான். அதற்கும் வரிசை. முறை வந்ததும் அக்காவைக் கூப்பிட்டான்.

"புழுதிக் காத்து. எதுவும் கிளம்பல."

"சரி."

"அப்பா?"

கொதிகலன் சீறுவது போனில் கேட்டது. அக்கா கடையில் நின்று பேசுகிறாள். "இருக்காரு," என்றாள்.

"டாக்டர்?"

"அதேதான் சொல்றாரு. நீ வா."

அடுத்த நாளும் காற்று. அடுத்த நாளும் அதே பேச்சு. "அப்பா?" "இருக்காரு. நீ வா." வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எத்தனை விரிப்பு வந்திருக்கிறது என்று கேட்டான். நிறைய என்றாள். யார் மடிக்கிறார்கள் என்றான். "வேற யாரு, சிப்பாய்தான்," என்றாள்.

அன்று மத்தியானம் கரண்டி பக்கத்தில் வந்து படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டேய், அந்தத் தபால் விமானம் உன் ஊருக்கா போச்சு?"

"பக்கத்துல."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்கதானே சொன்னீங்க, சின்ன விமானத்துல ஏறாதேன்னு."

"நான் ஆயிரம் சொல்லுவேன். பொண்டாட்டிக்கு முகத்தைக் காட்டப் போறவன் சொல்ற விதிடா அது. சாகக் கிடக்கிற அப்பாவைப் பாக்கப் போறவன் பட்டம் போனாலும் அதுல ஏறணும்." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கென்ன தெரியும். விடு," என்று திரும்பிப் படுத்தார்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். பிறகு எழுந்து மறுபடியும் போன் வரிசையில் நின்றான்.

"அக்கா."

"சொல்லு."

"எடுத்துடு."

மறுபக்கம் கொதிகலன்கூடச் சீறவில்லை.

"எனக்காகப் போட்டு வச்சிருக்க வேணாம்," என்றான். "நான் எப்ப வருவேன்னு தெரியாது. எடுத்துடச் சொல்லு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ம்."

"சரி," என்றாள் அக்கா. "ஆனா நீ வரணும். புரியுதா? எப்படியாவது வா."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றான். பின்னால் நின்றவன் தோளில் தட்டினான். "பேசியாச்சுன்னா நகருப்பா. எனக்கும் வீடு இருக்கு."

மறுநாள் காற்று அடங்கியது. கரண்டியை முதலில் கூப்பிட்டார்கள். தராசில் ஏறுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார், மூச்சுக்கு எடை இருக்கிற மாதிரி. போகும்போது மிச்சமிருந்த பிஸ்கட்டை அவன் பைக்குள் திணித்தார். "போய்ச் சேரு," என்றார். அவ்வளவுதான். பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

அவனுக்கு வந்த வழியே ஒரு விமானம் கிடைத்தது. மறுபடி அதே நடுத்தரத் தளம், அதே தராசு. மறுபடி அதே தபால் விமானம். அதே விமானி.

"வந்துட்டியா," என்றார். "இன்னைக்கு மேகம் இல்ல." பட்டையை மாட்டிக்கொண்டே, "அன்னைக்கும் பெருசா ஒண்ணும் இல்ல," என்றார்.

தபால் மூட்டைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். பசித்தது. கரண்டியின் பிஸ்கட்டைப் பிரித்தான். பொட்டலம் காலியாவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டது. இவ்வளவுதான் தூரம்.

தபால் வண்டிக்காரர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், பக்கத்துத் தெரு. பார்த்ததும் தலையை ஆட்டினார். அவனும் ஒரு பக்கம் நின்று மூட்டையைத் தூக்கிப் போட்டான். வண்டி கிளம்பியது. மழை தூறியது. துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது, அதுவும் அவர் பக்கம்.

"ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுருங்கண்ணே."

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைக்குத்தான் கூட்டிட்டு வரச் சொன்னா உங்க அக்கா."

அவன் சரி என்றான். எல்லாம் புரிந்துவிட்டது. நேற்றுத்தானே எடுக்கச் சொன்னோம், அதற்குள் எல்லாம் முடிந்திருக்குமா என்று ஒரு கணக்கு மட்டும் மனதுக்குள் சுற்றியது.

கடைக் கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சோடாவும் ஈரத் துணியும் கலந்த அதே வாசனை. சுவரோரம் கூடை கூடையாக நீலக் கரை விரிப்புகள். அக்கா ஒரு விரிப்பின் முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டு மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்தாள். முனையை விடவில்லை.

"சாப்பிட்டியா?"

"பிஸ்கட்."

"மேல சாப்பாடு இருக்கு."

"அப்புறம்." பையைக் கீழே வைத்தான். "எப்ப?"

"உக்காரு முதல்ல."

"உக்காந்துதான் வந்தேன். நேத்தா?"

"இல்ல," என்றாள். விரிப்பை ஒரு முறை உதறினாள். "அந்தத் தபால் விமானம் வந்துச்சே, முதல் நாள். அன்னைக்குச் சாயங்காலம்."

அவன் அவளையே பார்த்தான்.

"வண்டிக்கார அண்ணன் வந்து சொன்னாரு. உன் தம்பி பையைத் தூக்கிட்டு வந்து, படியில காலை வச்சு, அப்புறம் வேணாம்னுட்டானாம், விமானி சொன்னான்னு. இடம் காலியாத்தான் வந்துச்சாம்." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. என்ன துணி, எத்தனை என்று சொல்கிற குரல்தான். "நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரு பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அந்த மெஷின் உஸ்சு உஸ்சுன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. எதுக்காக இவரை இப்படிக் கட்டிப் போட்டிருக்கோம்னு தோணுச்சு. எழுந்து போய், நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சொல்றோம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

"பெரிய தளத்துக்குப் போனா நிறைய விமானம் இருக்கும்னு..."

"சரிடா."

"அப்படித்தான் எல்லாரும் போவாங்க அக்கா."

"சரின்னு சொல்றேன்ல."

கொதிகலன் சீறி அடங்கியது. அவன் கட்டி வைத்திருந்த காரணம் அவன் முன்னால் கிடந்தது. இத்தனை தூரம் கொண்டுவந்ததில் ஒரு பட்டைகூடத் தளரவில்லை. அதை இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை.

"இருக்காருன்னு சொன்னியே. தினமும் சொன்னியே."

"போயிட்டாருன்னு சொல்லியிருந்தா, இனி என்ன இருக்குன்னு முகாமுக்கே திரும்பிப் போயிருப்ப." அவள் முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "மாட்டேன்னு சொல்லு பாப்போம்."



"எடுத்துடுன்னு நான் சொன்னப்ப..."

"எல்லாம் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு." முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "ஆனா நீ சொன்னது எனக்கு வேண்டியிருந்துச்சு. அதுவரைக்கும் நான் மட்டும்தான் சொல்லியிருந்தேன்."

வெளியே தபால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவன் கூடையைப் பார்த்தான்.

"அவருக்குப் போட்டிருந்தது இதுல இருக்கா?"

"எல்லாம் ஒண்ணாத்தானே வரும். எதுன்னு எப்படித் தெரியும்? வந்துச்சு, வெளுத்தாச்சு, போயாச்சு. மறுபடியும் வந்திருந்தாலும் வந்திருக்கும்." கூடைகளைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வரும். அதுக்குள்ள இவ்வளவையும் மடிச்சாகணும்."

போய்க் கொக்கியிலிருந்து முனையைக் கழற்றினாள். வந்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் பார்த்தான். கொக்கி இருந்த சுவரில், துணி உரசி உரசி ஒரு வழவழப்பான வட்டம் விழுந்திருந்தது. படைச் சட்டையின் கையை மடித்துவிட்டு முனையை வாங்கினான். துணியில் சூடு இன்னும் இருந்தது. இரண்டு பேரும் பின்னால் போனார்கள். அவன் முதுகு சுவரில் இடிக்கிற வரைக்கும் போனான்.

"இழு," என்றாள் அக்கா.

இழுத்தான். பட்டை இழுத்துப் பழகிய கை, மொத்த உடம்பையும் சேர்த்து இழுத்தது. அக்கா ஓர் எட்டு முன்னால் தடுமாறி, காலை ஊன்றி நின்றாள்.

"டேய், கிழிச்சிடாதே. துணிடா இது."

அவன் கொஞ்சம் தளர்த்தினான்.